கிரேக்க தேசத்திற்குப் போகிறவர்களுக்கு



"ஐயா, பிள்ளைகள் எங்களைக் கிரேக்க தேசத்திற்குச் சுற்றுலா அழைத்துப்போகிறார்கள். பேரப்பிள்ளைகளும் வருகிறார்கள். அங்கே முக்கியமாக எதைப் பார்க்க வேண்டும்?" என்று நம் சபையின் மூத்த தம்பதியர் அண்மையில் என்னைக் கேட்டார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு தகரப்பெட்டியோடு மும்பைக்கு ரயிலேறி வந்தவர்கள் அவர்கள். அவர்களுக்குச் சொன்னதையே உங்களுக்கும் எழுதுகிறேன்.

பெரும்பாலும் பயணம் அத்தேனேயில் தொடங்கும். அக்ரோபோலிஸ் குன்றின்மேல் நிற்கும் பார்த்தெனோன் ஆலயத்தைப் பாருங்கள். கி.மு. 447இல் தொடங்கப்பட்டு 432இல் முடிக்கப்பட்டது அது. பவுல் அந்நகரத்திற்கு வந்தபோதே அது ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டு பழமை உடையதாயிருந்தது. 2023ஆம் ஆண்டுமுதல் அங்கே நேரம் குறித்த நுழைவுச்சீட்டு முறை நடைமுறையில் உள்ளது. ஆகவே முன்பதிவு செய்துகொள்ளுங்கள். 2023, 2024 ஆண்டுகளின் கோடையில் கடும் வெப்பத்தினால் நண்பகல் வேளைகளில் குன்றை மூட நேர்ந்தது. முதியவர்களோடு போகிறவர்கள் ஏப்ரல், மே அல்லது அக்டோபர் மாதத்தைத் தெரிந்துகொள்வது நலம். குன்றின் அடியில் 2009இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தையும் விட்டுவிடாதீர்கள்.

அக்ரோபோலிஸின் வாசலுக்கு அருகே ஒரு மொட்டைப் பாறை உண்டு. மார்ஸ் மேடை என்று நம் வேதாகமத்தில் வாசிக்கிறோமே, அது இதுவே என்பது மரபு. இங்கே கட்டணம் இல்லை. பாறையின் அடியில், அப்போஸ்தலர் 17ஆம் அதிகாரத்தின் பிரசங்கம் கிரேக்க மொழியில் வெண்கலப் பலகையில் பொறிக்கப்பட்டுள்ளது. பழைய கற்படிகள் தேய்ந்து வழுக்கும். பக்கத்திலுள்ள இரும்புப் படிகளில் ஏறுங்கள். ஏறி நின்று மேலே பாருங்கள். பார்த்தெனோன் குன்று எதிரே உயர்ந்து நிற்கும். மனிதர் கட்டும் கோவிலுக்குள் தேவன் அடங்குகிறவரல்ல என்று பவுல் சொன்னது எத்தனை துணிவான சொல் என்பது அப்பொழுது விளங்கும்.

அங்கிருந்து மேற்கே ஏறக்குறைய 80 கிலோமீட்டரில் கொரிந்து. வழியில், 1893இல் திறக்கப்பட்ட, ஆறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நீளமுள்ள கால்வாயில் வண்டியை நிறுத்துவார்கள். பாலத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் நேரத்தை அங்கே செலவழித்துவிடாதீர்கள். பல குழுக்கள் பழைய கொரிந்துவை விரைந்து முடித்துவிடுகின்றன. உங்கள் வழிகாட்டியிடம் அரைநாளாவது கேட்டு வாங்குங்கள்.

ஏன் தெரியுமா? கி.மு. 146இல் ரோமர் கொரிந்துவை அழித்தார்கள். கி.மு. 44இல் யூலியு சீசர் அதை மீண்டும் குடியேற்ற ஏற்பாடு செய்தார். விடுதலை பெற்ற அடிமைகள் பலர் அங்கே வந்து குடியமர்ந்தார்கள். ஆகவே கி.பி. 50ஐ ஒட்டி பவுல் வந்தபோது, புதிய கொரிந்துவின் வயது நூறுகூட ஆகவில்லை. அது பிழைப்பு தேடி வந்தவர்களின் நகரம். ரோமாபுரியிலிருந்து துரத்தப்பட்ட ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் அங்கே கூடாரத் தொழில் செய்தார்கள். பவுலும் அவர்களோடு தங்கி, தம் கையால் உழைத்தார்.

இன்று அப்போலோ ஆலயத்தின் ஏழு தூண்களை எல்லாரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். நீங்களோ கீழேயும் பாருங்கள். சந்தைவெளியின் ஓரமாக வரிசை வரிசையாய்ச் சிறு கடைகளின் அடித்தளங்கள் கிடக்கின்றன. பவுல் உட்கார்ந்து தைத்த கடை இன்னதென்று எவராலும் காட்ட முடியாது. ஆனால் இப்படிப்பட்ட இடத்தில்தான் அந்தச் சபை தொடங்கிற்று. நடுவே நியாயாசனமாகிய கல்மேடை இருக்கிறது. கல்லியோன் அகாயாவின் அதிபதியாயிருந்த காலத்தை நாம் அறிவது, தெல்பியில் கிடைத்த ஒரு கல்வெட்டின் துண்டுகளினால். பவுலின் பயணங்களுக்குக் காலக்கணக்கு வகுக்க அதுவே பெருந்துணை.

நாட்கள் மீந்தால் வடக்கே தெசலோனிக்கே வழியாய்ப் பிலிப்பிக்குப் போங்கள். 2016இல் அது யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. ரோமரின் பழைய நெடுஞ்சாலையின் கற்கள் அங்கே இன்னும் காணப்படுகின்றன. அருகிலுள்ள ஆற்றங்கரையில் லீதியாளை நினைவுகூருகிறார்கள். அவளும் உள்ளூர்க்காரி அல்லள். இன்று துருக்கியிலுள்ள தியத்தீராவிலிருந்து வந்து இரத்தாம்பரம் விற்றவள். ஐரோப்பாவில் பவுலின் செய்தியை முதலாவது ஏற்றவர்களுள் ஒருத்தி, வெளியூரிலிருந்து வந்து வியாபாரம் செய்த பெண் என்பதைச் சிந்தித்துப் பாருங்கள்.

சில எச்சரிப்புகள். இந்தப் பயணம் நமக்குக் கடமையல்ல. ஒருவரும் கடன்பட்டுப் போகவேண்டாம். அந்த மண்ணிலும் தண்ணீரிலும் தனி வல்லமை ஒன்றும் இல்லை. ஷெங்கன் விசாவுக்குப் பல வாரங்களுக்கு முன்பே விண்ணப்பியுங்கள். ஆர்த்தடாக்ஸ் ஆலயங்களுக்குள் செல்லும்போது ஒழுங்கான உடையோடும் அமைதியோடும் செல்லுங்கள். புறப்படுமுன் அப்போஸ்தலர் 16 முதல் 18 வரையிலான அதிகாரங்களைக் குடும்பமாய் வாசியுங்கள். வாசியாதவர்களுக்கு அங்கே கற்கள் மட்டுமே தெரியும்.

அந்தத் தகப்பனார் ஒன்று சொன்னார்: "ஐயா, நாங்கள் இந்த ஊருக்கு வந்த கதையைப் பேரப்பிள்ளைகள் கேட்டதேயில்லை. சொல்ல எனக்கும் வெட்கமாயிருந்தது." நான் அவருக்குச் சொன்னது இதுவே: கொரிந்துவின் கடைவரிசைக்கு முன்பாக அவர்களை உட்காரவையுங்கள். பவுலும் ஆக்கில்லாவும் தைத்ததைச் சொல்லுங்கள். பின்பு உங்கள் முதல் வாடகை அறையையும், இரவுப்பணியையும், அந்த அறையில் ஐந்துபேர் கூடி ஜெபித்ததையும் சொல்லுங்கள். வெட்கப்பட அதில் ஒன்றுமில்லை.

கிரேக்க தேசத்திற்குப் போக வாய்ப்பில்லாதவர்களே, உங்கள் பிள்ளைகளும் அந்தக் கதைக்குக் காத்திருக்கிறார்கள். இன்று இரவே சொல்லுங்கள்.

கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக.