மேசையில் போடப்படாத மூன்றாவது கதிரை

யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் மஃரிப் தொழுதுவிட்டு வெளியே வந்தால், தேத்தண்ணிக் கடை வாங்கில் உலக அரசியல்தான் ஓடுகிறது. காஸாவில் தொடங்கும் பேச்சு நெடுந்தீவில் வந்து முடியும். அண்மையில் உயர்தரத்தில் அரசியல் விஞ்ஞானம் படிக்கும் தம்பி ஒருவர் என்னிடம் கேட்டார்: "யதார்த்தவாதம் சொல்றதுதானே நானா சரி? பலம் உள்ளவன் நினைச்சதுதானே நடக்குது?"

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. யதார்த்தவாதத்தின் சாரம் இதுதான்: நாடுகளுக்கு மேலே அவற்றைக் கட்டுப்படுத்தும் அரசாங்கம் எதுவும் இல்லை, ஆகவே ஒவ்வொரு நாடும் தன் பாதுகாப்பைத் தானே தேடும். கென்னத் வோல்ட்ஸ் 1979இல் இதை ஒரு முறையான கோட்பாடாக எழுதினார். ஜோன் மியர்ஷைமர் 2001இல் இன்னும் கடுமையாகச் சொன்னார்.

இதற்கு உதாரணம் தேடி நாங்கள் தூரம் போகத் தேவையில்லை. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்று தீவுகளுக்கும் சூரிய ஒளியும் காற்றும் கலந்த மின்திட்டத்தை, ஆசிய அபிவிருத்தி வங்கியின் ஆதரவோடு சீன நிறுவனம் ஒன்றுக்குக் கொடுக்க 2021 ஜனவரியில் அமைச்சரவை அனுமதித்தது. இந்தியா ஆட்சேபித்தது. அந்த ஆண்டின் இறுதியில், மூன்றாம் தரப்பின் பாதுகாப்புக் கவலையைக் காரணம் காட்டி, திட்டத்தை இடைநிறுத்துவதாகச் சீனத் தூதரகம் அறிவித்தது. 2022 மார்ச்சில் அதே தீவுகளுக்கு இந்திய நன்கொடையில் மின்திட்டம் அமைக்கும் உடன்பாடு கைச்சாத்தானது. அதன் ஒப்பந்தம் 2024 மார்ச்சில்தான் வழங்கப்பட்டது. மின்பிறப்பாக்கியை நம்பி வாழும் தீவு மக்களுக்கு அந்த மூன்று வருடங்களும் காத்திருப்புத்தான். டெல்லியும் பெய்ஜிங்கும் ஏன் அப்படி நடந்தன என்பதை யதார்த்தவாதம் பிசகில்லாமல் விளக்கிவிடும். அந்த அளவில் தம்பி சொன்னது சரி.

ஆனால் தீவு மக்கள் அந்த விளக்கத்தில் எங்கே இருக்கிறார்கள்? அவர்களிடம் யார் கேட்டார்கள்? கோட்பாட்டின் குறை இங்கேதான் தொடங்குகிறது. அது நாட்டை மூடிய பெட்டியாகப் பார்க்கிறது. பெட்டிக்குள் இருப்பவர்கள் கணக்கில் வருவதில்லை.

எங்கள் சமூகத்தின் கதையே இதற்குச் சாட்சி. 1987 ஜூலை 29இல் ராஜீவ் காந்தியும் ஜே.ஆர். ஜயவர்தனவும் கைச்சாத்திட்ட ஒப்பந்தத்தில், இலங்கையின் நான்கு பிரதான இனங்களில் ஒன்றாக முஸ்லிம்களின் பெயரும் எழுதப்பட்டிருந்தது. பெயர் இருந்தது, கதிரை இல்லை. வடக்கும் கிழக்கும் இணைக்கப்பட்டபோது முஸ்லிம்களின் சம்மதம் கேட்கப்படவில்லை. கிழக்கில் நடத்துவதாகச் சொன்ன சர்வசன வாக்கெடுப்பும் நடக்கவேயில்லை. ஒப்பந்தத்தோடு பரிமாறப்பட்ட கடிதங்களிலோ திருகோணமலைத் துறைமுகம் பற்றித் தெளிவாகவே எழுதியிருந்தார்கள்.

இந்தியப் படை 1990 மார்ச்சில் வெளியேறியது. ஏழு மாதங்களில், ஒக்டோபர் 30ஆம் திகதி, யாழ்ப்பாண முஸ்லிம்களை ஒஸ்மானியாக் கல்லூரியின் ஜின்னா மைதானத்துக்கு விடுதலைப் புலிகள் அழைத்து, இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊரைவிட்டுப் போகச் சொன்னார்கள். வட மாகாணம் முழுவதிலுமிருந்து ஏறத்தாழ 75,000 பேர் துரத்தப்பட்டார்கள். எந்த நாட்டின் எல்லையும் அன்று மாறவில்லை. அதனால் சர்வதேச உறவுகளின் புத்தகத்தில் அந்த நாளுக்கு ஒரு வரிகூடத் தேவைப்படவில்லை.

யதார்த்தவாதி ஒருவர் மறுமொழி சொல்லக்கூடும்: "எங்கள் கோட்பாடு வல்லரசுகளை விளக்கத்தான் பிறந்தது, ஒரு தெருவின் கதையை விளக்க அல்ல." வோல்ட்ஸே தன் கோட்பாடு சில பெரிய விடயங்களை மட்டுமே விளக்கும் என்று ஒத்துக்கொண்டவர். வகுப்பறையோடு நின்றால் அது நேர்மையான பதில். ஆனால் சமாதானம் பேச வருபவர்களும் அதே கணக்கைக் கையில் வைத்துக்கொண்டுதான் கதிரை போடுகிறார்கள். 2002 பெப்ரவரியில் நோர்வேயின் அனுசரணையில் வந்த யுத்தநிறுத்த உடன்படிக்கையில் இரண்டே தரப்புகள்: அரசாங்கமும் புலிகளும். நோர்வே யதார்த்தவாதம் பேசிய நாடல்ல. தாராளவாத சமாதானம் பேசிய நாடு. ஆனாலும் ஆயுதம் வைத்திருந்தவர்களுக்கே கதிரை கிடைத்தது. அந்த ஏப்ரலில் ரவூப் ஹக்கீமும் பிரபாகரனும் தனியாக உடன்பாடு செய்தார்கள். ஆனால் பேச்சுவார்த்தைக்கு ஹக்கீம் அரசாங்கத் தூதுக்குழுவில் ஒருவராகத்தான் போகவேண்டி வந்தது. முஸ்லிம்களைத் தனித் தரப்பாக அமர்த்த வேண்டும் என்ற கோரிக்கை நிறைவேறவில்லை. ஆயுதம் தூக்காத சமூகத்துக்கு இதைவிடப் பிழையான பாடத்தை யாரும் கற்பிக்க முடியாது.

அறுநூறு வருடங்களுக்கு முன்பே இப்னு கல்தூன் தன் முகத்திமாவில் வேறு வழியில் யோசித்தார். மனிதக் கூட்டங்களுக்குள் இருக்கும் பிணைப்பை அவர் 'அஸபிய்யா' என்றார். அதிலிருந்துதான் அரசு எழுகிறது, அது தளரும்போது அரசும் விழுகிறது என்றார். அரசைப் புரிந்துகொள்ள அதன் உள்ளே பார்க்க வேண்டும் என்பதே அதன் பொருள்.

உள்ளே பார்த்தால் நாங்கள் மட்டும் தனியாக இல்லை என்பதும் தெரியும். சோனகத் தெருவிலிருந்து சற்றுத் தூரத்தில் குருநகர். தமிழ்நாட்டு இழுவைப் படகுகளால் வலையும் தொழிலும் இழந்து நிற்கும் மீனவர்கள் அங்கே இருக்கிறார்கள். இழுவைமடித் தொழிலை இலங்கை 2017இல் சட்டத்தால் தடை செய்தும் அவர்களுடைய பிரச்சினை இன்னும் டெல்லிக்கும் கொழும்புக்கும் நடுவேதான் பேசப்படுகிறது. அவர்களுக்கும் அந்த மேசையில் நிரந்தரக் கதிரை இல்லை.

எனவே தம்பிக்கு நான் சொன்னது இது: யதார்த்தவாதத்தைப் படியுங்கள், வல்லரசுகளிடம் ஏமாறாமல் இருக்க அது உதவும். டெல்லியோ பெய்ஜிங்கோ வேறு எந்தத் தலைநகரமோ எங்களுக்காகத் தன் நலனை விட்டுக்கொடுக்காது. முஸ்லிம் நாடுகள் என்று நாம் நம்பியிருப்பவையும் அப்படித்தான். ஆனால் பலமற்றவன் பேசாமல் இருக்க வேண்டும் என்று மட்டும் அதிலிருந்து படித்துவிடாதீர்கள்.

வடக்கு மாகாண சபைக்கு 2013இல் ஒரேயொரு தேர்தல்தான் நடந்தது. அடுத்தது வரும் நாளுக்கும், புதிய அரசியலமைப்பு பற்றிய பேச்சு எழும் நாளுக்கும் இப்போதே தயாராக வேண்டும். காணி உறுதிகளையும் வாக்காளர் பதிவையும் மீள்குடியேற்றத்தில் விடுபட்டோர் விபரத்தையும் எங்கள் பள்ளிவாசல்களே சேர்த்து வைக்கலாம். குருநகருடனும் தீவுகளுடனும் பேசி, பொதுவான கோரிக்கைகளை ஒரே கடிதத்தில் எழுதலாம். 1987இலும் 2002இலும் மற்றவர்கள் எங்களைப் பற்றிப் பேசினார்கள். அடுத்த முறை அந்தக் கடிதத்தோடு நாங்களே போய் மேசையில் உட்கார வேண்டும்.