மஞ்சள் சட்டை சாம்பல் ஆன கதை

1908 ஜூலை 26, ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க் ஹெரால்டு நாளிதழின் காமிக்ஸ் பக்கத்தில் ஒரு கட்டிலுக்குக் கால் நீளத் தொடங்கியது. சிறுவன் நீமோவைச் சுமந்துகொண்டு அது நகரத்துக்குள் நடக்கிறது. கால் வளர வளரக் கட்டங்களும் உயரமாகின்றன. வின்சர் மெக்கே வரைந்த அந்தப் பக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம், பக்க வடிவமைப்பிலேயே வயதாகிப்போன எனக்கு மலைப்புத்தான். முழு நாளிதழ்ப் பக்கத்தில், முழு வண்ணத்தில் பார்க்க வேண்டிய வேலை அது.

இப்படிப்பட்ட பக்கங்களைத்தான் அமெரிக்க நூலகங்கள் கழித்துக்கட்டின. இடமில்லை, தாள் நொறுங்குகிறது என்று சொல்லி நாளிதழ்களை மைக்ரோஃபிலிமில் படமெடுத்துவிட்டு, பைண்டு செய்த தொகுதிகளை வெளியேற்றின. படமெடுத்ததோ கறுப்பு வெள்ளையில். ரிச்சர்ட் அவுட்கால்ட்டின் மொட்டைத்தலைச் சிறுவனை எடுத்துக்கொள்ளுங்கள். புலிட்சரின் 'வேர்ல்டு' நாளிதழில் புகழ்பெற்றவன். அவனுக்காகவே 1896இல் ஹெர்ஸ்ட் அதிகச் சம்பளம் கொடுத்து அவுட்கால்ட்டைத் தன் நாளிதழுக்கு இழுத்துக்கொண்டார். அவன் பேச்சை அவன் போட்டிருக்கும் மஞ்சள் சட்டையிலேயே எழுதியிருப்பார்கள். மைக்ரோஃபிலிமில் அந்தச் சட்டை வெறும் சாம்பல்.

இதைப் பொறுக்காத ஒருவர் இருந்தார்: பில் பிளாக்பியர்டு. தனிமனிதருக்குத் தர முடியாது என்று நூலகங்கள் கைவிரித்ததால், 1968இல் சான் பிரான்சிஸ்கோவில் காமிக்ஸ் கலைக்கென ஒரு அமைப்பையே பதிவு செய்தார். அலுவலகம் அவர் குடியிருந்த வீடுதான். தொகுதி தொகுதியாக வாங்கி அடுக்கினார். காமிக்ஸ் துண்டுகளை வெட்டி வரிசைப்படுத்தினார். 1998இல் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை எடுத்துச் செல்ல ஆறு பெரிய லாரிகள் தேவைப்பட்டன. எடை 75 டன். இன்று அமெரிக்காவின் ஆரம்பகால காமிக்ஸை ஆராய வருபவர்கள் அங்கேதான் போகிறார்கள்.

மரக்கூழ்த் தாள் பழுக்கும், ஓரம் உதிரும், உண்மைதான். ஆனால் வெளிச்சம் படாமல் மூடி வைத்த தொகுதிகளுக்குள் நூறாண்டுக்கு முந்தைய வண்ணம் இன்னும் இருக்கிறது. நூலகப் பொறுப்பில் இருப்பவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்: பழைய நாளிதழ்களைத் தாராளமாக ஸ்கேன் செய்யுங்கள். செய்து முடித்த கையோடு மூலத்தைப் பழைய பேப்பர்காரருக்கு எடை போட்டுவிடாதீர்கள்.