பரீட்சை என்ற பெயரில் பகற்கொள்ளை!

தேவிகாபுரத்துப் பட்டு நெசவாளியிடம் ஒரு முதலாளி வந்து, "பாவும் ஊடையும் தருகிறேன், ஒரு சேலை நெய்து கொடு. பிடித்தால் வேலை தருவேன். பிடிக்காவிட்டால் கூலி கிடையாது. சேலை மட்டும் எனக்கு!" என்று சொன்னால் என்ன நடக்கும்? தெருவே திரண்டு நியாயம் கேட்கும்!

ஆனால் அந்த நெசவாளியின் மகனோ மகளோ படித்து முடித்து, சென்னையிலும் பெங்களூரிலும் மென்பொருள் வேலை தேடினால், பல கம்பெனிகள் இந்த அநியாயத்தைக் கூசாமல் செய்கின்றன. அதற்குச் 'சோதனை வேலை' என்று பெயர். இரண்டு மணி நேரக் கணக்கல்ல. மூன்று நாள், நான்கு நாள் கண் விழித்து ஒரு முழுச் செயலியையே கட்டித் தரவேண்டும். சம்பளம் உண்டா? இல்லை. பதிலாவது உண்டா? பல சமயம் அதுவும் இல்லை!

பரீட்சையே கூடாது என்று நாம் சொல்லவில்லை. கல்லூரியின் பெயரையும் நுனிநாக்கு இங்கிலீஷையும் பார்த்து ஆள் எடுப்பதைவிட, கைவேலையைப் பார்த்து எடுப்பது எவ்வளவோ மேல். நெசவாளி வீட்டுப் பிள்ளைக்கு அது நல்ல வாய்ப்பும்கூட. ஆனால் நான்கு நாள் உழைப்பைச் சும்மா கொடுக்க யாரால் முடியும்? வசதி படைத்தவரால் முடியும். பகலெல்லாம் வேறொரு வேலை பார்த்துக் குடும்பத்தைத் தாங்குபவரால் முடியுமா? திறமையை அளப்பதாகச் சொல்லிக்கொண்டு, பணப்பையையல்லவா அளக்கிறார்கள்!

"விரும்பித்தானே செய்கிறார்கள்?" என்பார்கள் கம்பெனிக்காரர்கள். வறுமையின் நிர்ப்பந்தத்தால் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே உழைப்பது, அரசியல் சட்டத்தின் 23-வது பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என்று, டில்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் 1982-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. அந்த நியாயம் இங்கே மட்டும் செல்லாதா? 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமோ, கம்ப்யூட்டர் நிரலையும் எழுத்துப் படைப்பாகவே கருதுகிறது. வேலையில் அமர்த்தப்படாதவர் எழுதிய நிரல் அவருக்கே சொந்தம். அவர் எழுதிக் கொடுத்தாலன்றி அந்த உரிமை கம்பெனிக்குப் போகாது.

ஆகவே நாம் கோருவது இதுதான்: பரீட்சை இரண்டு மணி நேரத்துக்குள் முடியட்டும். அதற்கு மேல் போனால் மணிக்கணக்கில் கூலி கொடு. எழுதியவரின் சம்மதமும் விலையும் இல்லாமல் நிரலைத் தொடாதே. தேறாதவருக்குக் காரணத்தைச் சொல்!

தனியொருவர் மறுத்தால் அவருடைய மனு குப்பைக்கூடைக்குப் போகும். தகவல் தொழில்நுட்ப ஊழியர்களும் சங்கம் அமைக்கலாம் என்பதைத் தமிழக அரசு 2016-லேயே தெளிவுபடுத்திவிட்டது. வேலையில் இருப்போரின் சங்கங்கள் வேலை தேடுவோரின் இந்தக் கோரிக்கையையும் தங்கள் கோரிக்கையாக ஏற்கவேண்டும். நெய்த சேலைக்குக் கூலி. எழுதிய நிரலுக்கும் கூலி! இதில் சமரசம் இல்லை.