கறுப்பு நோயல்ல, கேட்டுவிட்டுப் படுங்கள்
முகத்துக்கு ஒளிச் சிகிச்சை எடுப்பதே தவறென்று நான் சொல்லவில்லை, தோழர்களே. பருத்தழும்புக்கும் முடிக்கும் மருத்துவம் தேடுவது உங்கள் உரிமை. ஆனால் ஐ.பி.எல். எனும் கருவியின் ஒளியைத் தோலிலுள்ள மெலனினும் உறிஞ்சும். கறுத்த தோலில் மெலனின் அதிகம். தீப்புண்ணுக்கும் கருந்திட்டுக்கும் வாய்ப்பும் அதிகம். மருத்துவர்கள் தோல்வகை பார்க்கும் ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோல்கூட 1975இல் வெள்ளைத் தோலுக்காகவே உருவானது; நம் நிறங்கள் பிறகுதான் சேர்ந்தன.

எனவே கேளுங்கள்: செய்பவர் தோல் மருத்துவரா? என் நிறத்துக்கு 1064 நானோமீட்டர் லேசர் பொருந்துமா? முதலில் சிறு இடத்தில் சோதிப்பீர்களா? வெயிலில் வேலை செய்பவர்களும் பருவுக்கு மாத்திரை எடுப்பவர்களும் அதை முன்பே சொல்லிவிடுங்கள்.

"வெளுப்பாக்கிவிடலாம்" என்று பதில் வந்தால் எழுந்து வாருங்கள். நிறத்தைப் பார்த்துச் சாதியை ஊகிக்கும் சமூகத்தில், கறுப்பை நோயாக்கி விற்பது மருத்துவம் அல்ல.