குளக்கரையில் முதல் ஐந்து மூச்சு

நீரில் மூழ்கியவரைக் கரைசேர்த்ததும் தலைகீழாகப் பிடித்துச் சுழற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் எமது கிராமங்களில் இன்னும் நடக்கிறது. தண்ணீர் வெளியேறட்டும் என்ற நல்லெண்ணந்தான். ஆனால் உயிர் போவது அந்த நிமிடங்களில்தான். மூச்சின்றிக் கிடப்பவருக்கு முதலில் வேண்டியது காற்று. தலையைப் பின்சாய்த்து, நாடியை உயர்த்தி, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து 5 முறை ஊதவேண்டும். பின்பு நெஞ்சின் நடுவே 30 முறை பலமாக அழுத்தி, 2 மூச்சு; அம்புலன்ஸ் வரும்வரை இப்படியே. இன்னொருவர் 1990ஐ அழைக்கட்டும்.

உயிர்காப்பாளர்கள் பெரும்பாலும் உல்லாசப் பயணிகளின் கடற்கரைகளிலேயே நிற்கிறார்கள். குளத்துக்கு முதலில் ஓடிவருபவர் அங்கு துணி துவைக்கும் தாயே. ஆகவே பங்குகளின் மாதர் சங்கங்கள் இப்பயிற்சிக்கு ஒரு ஞாயிறு பிற்பகலை ஒதுக்கவேண்டுமெனக் கேட்கிறோம். பயிற்சிப் பொம்மை இல்லையென்பது சாட்டாகாது. நெஞ்சழுத்தத்தைத் தலையணையிலும் பழகலாம்.