வாகன வரியும் வரியிறுப்போன் அறிவும்

மாத்தளை மாவட்டத்தார்க்கு வரி என்பது வெறும் பணக் கணக்கன்று. அஃது இம்மண்ணின் வரலாற்றோடு பிணைந்த சொல்லாகும். 1848ஆம் ஆண்டிலே தேசாதிபதி டொரிங்டன் பிரபு துப்பாக்கிக்கு 2 சிலிங் 6 பென்சும், நாய்க்கு 1 சிலிங்கும், கடைக்கு 1 பவுணும் வரியாக விதித்தார். உடன் வந்தது வீதிச் சட்டம். 18 வயது முதல் 55 வயது வரையுள்ள ஆடவர் ஆண்டுக்கு 6 நாள் வீதி வேலை செய்தல் வேண்டும்; அன்றேல் 3 சிலிங் இறுத்தல் வேண்டும் என்பது அதன் விதி. பொருளைத் துறந்த பௌத்த பிக்குகளுக்கும் முதலில் அதில் விலக்கு இருக்கவில்லை. அவ்வாண்டு யூலை மாதத்தில் தம்புள்ளை விகாரையில் கொங்காலேகொட பண்டா முடிசூடியதும், மாத்தளையிலே கிளர்ச்சி மூண்டதும், ஓகஸ்ட் 8ஆம் திகதி புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டதும், 1850இல் டொரிங்டன் திருப்பி அழைக்கப்பட்டதும் யாவரும் அறிந்தவை.

அக்கிளர்ச்சிக்குக் காரணங்கள் பல. ஆயினும் ஒன்றை ஈண்டு வற்புறுத்த விரும்புகின்றேன். வரியின் பாரம் மட்டுமே மக்களைச் சினங்கொள்ளச் செய்ததன்று. இது எதற்கு, யார் பொருட்டு, எவ்வாறு இறுப்பது என்று அவர் மொழியிலே அமைதியாக எடுத்துரைப்பார் போதிய அளவில் இல்லாமற் போனதும் ஒரு காரணமாகும். விளக்கம் நில்லாத இடத்தில் வதந்தி வந்து குடியேறும். வாகன வரி இறுக்கும் முறை நம் கண்முன்னே மாறிவரும் இந்நாளில், இப்பழம் பாடத்தை நினைவுகூர்தல் பொருத்தமேயாகும்.

நம் நாட்டிலே வாகனம் வைத்திருப்போர் ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரம் பெறுதல் வேண்டும். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் இதற்கு அடிப்படை. 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் நிறைவேறிய பின்னர், இக்கட்டணத்தை அறவிடும் உரிமை மாகாண சபைகளைச் சார்ந்தது. ஆகவே மாத்தளையிலே ஒருவர் இறுக்கும் வாகன வரி மத்திய மாகாணத்தின் வருவாயாகின்றது. இதனை ஓட்டுநர் பலர் அறியார். கொழும்புக்குப் போகும் பணம் என்றே எண்ணி மனங்கசந்து இறுக்கின்றனர். மாகாணப் பாடசாலைகளும் மாகாண வீதிகளும் மாகாண வைத்தியசாலைகளும் எந்த நிர்வாகத்தின் கீழ் உள்ளனவோ, அதன் திறைசேரிக்கே அப்பணம் செல்கின்றது என்பதை அறிந்தால், கசப்போடு கேள்வி கேட்கும் உரிமையுணர்வும் பிறக்கும் அன்றோ?

நிற்க, மாற்றம் யாதென நோக்குவோம். நெடுங்காலமாக இப்பத்திரத்தைப் பெறுதற்குப் பிரதேச செயலகத்தின் கருமபீடத்திற்கே செல்ல வேண்டியிருந்தது. பழைய பத்திரம், காப்புறுதிச் சான்று, 2008இல் அறிமுகமான புகைப் பரிசோதனைச் சான்று, பேருந்தும் லொறியுமாயின் தகுதிச் சான்றிதழ் ஆகிய யாவற்றையும் கையிலேந்தி வரிசையில் நிற்றல் வேண்டும். மேல் மாகாணத்திலே முதலில் தோன்றிய இணையவழி முறை, 2023இல் புதுப்பிக்கப்பட்டு மாகாணங்கள் அனைத்திற்கும் பொதுவாயிற்று. இப்பொழுது வாகன இலக்கத்தைப் பதிந்தால், காப்புறுதியும் புகைச் சான்றும் உண்டா என்பதைக் கணினியே சரிபார்க்கின்றது. வங்கி அட்டை வழியாகப் பணம் இறுக்கலாம். அவ்வாண்டிலேயே புதிய இலக்கத் தகடுகளிலிருந்து மாகாணத்தைக் குறிக்கும் எழுத்துகளும் நீக்கப்பட்டன. தகட்டில் எழுத்து மறைந்தமையால் வரியும் மாகாணத்தைவிட்டு நீங்கியதென எவரும் மயங்கற்க.

இம்முறையின் நன்மையை மறுப்பார் இல்லை. மாத்தளை மாவட்டத்திலே 11 பிரதேச செயலகப் பிரிவுகள் உள்ளன. கலேவெலையும் தம்புள்ளையும் பெருவீதியை அடுத்தன. வில்கமுவவும் லக்கலையும் மலைக்கு அப்பாலன. இரத்தோட்டை, உக்குவெலைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து நகருக்கு இறங்கி ஏறுவதிலேயே அரை நாள் கழியும். முச்சக்கர வண்டி ஓட்டி வாழ்வோனுக்கு அரை நாள் என்பது அரை நாட் சோறு. வீட்டிலிருந்தே கடமையை முடித்தல் கூடுமாயின் அஃது அவனுக்குக் கிடைத்த ஊதியமேயாகும். இடையிலே நின்று 'நான் எடுத்துத் தருகின்றேன்' எனக் கைக்கூலி கேட்கும் தரகனுக்கும் அங்கே இடமில்லை.

ஆனால், அட்டை இல்லாதவன் என் செய்வான்? கைத்தொலைபேசியிற் பேசத் தெரிந்தும் படிவம் நிரப்பத் தெரியாதவன் என் செய்வான்? அவன் சந்தியிலுள்ள தொலைத்தொடர்புக் கடையை நாடுவான். கடைக்காரன் தன் அட்டையால் இறுத்துவிட்டுக் கேட்டதைக் கொடுத்து வருவான். செயலக வாயிலில் நின்ற தரகன் கடைக்குள்ளே நாற்காலி போட்டு அமர்ந்துவிட்டான் என்பதன்றி வேறென்ன மாறியது? மற்றொரு சிக்கலும் உண்டு. வாடகைக்கு வண்டி எடுத்து ஓட்டுவோர் நம்மிடையே பலர். வரி இறுக்க வேண்டியவன் உரிமையாளன். வீதியிலே பொலிஸாரின் கைக்கு அகப்படுபவனோ ஓட்டுநன். உரிமையாளன் தன் வீட்டிலிருந்தவாறே இறுத்தானா இல்லையா என்பதை, பத்திரத்தைக் கண்ணாற் காணும் வரையில் ஓட்டுநன் அறியான்.

இத்தகைய மாற்றத்திலே நமக்கு முன்னே சென்ற நாடு இங்கிலாந்து. 1921ஆம் ஆண்டு முதல் அந்நாட்டு மோட்டார் வண்டிகளின் கண்ணாடியில் வட்டமான வரிச்சீட்டு ஒட்டப்பட்டிருந்தது. 2014 ஒக்டோபர் 1ஆம் திகதி அச்சீட்டு ஒழிக்கப்பட்டது. பதிவேட்டிலே வரி இறுத்ததாக இருந்தாற் போதும். வங்கிக் கணக்கிலிருந்து மாதந்தோறும் சிறுகச் சிறுக இறுக்கவும் வழி பிறந்தது. வண்டியை விற்றால் எஞ்சிய மாதங்களின் வரி விற்றவனுக்கே மீளும். வாங்கியவன் புதிதாக இறுத்தே ஓட்டுதல் வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. விதிகள் நல்லனவே. விளைவு யாது? வீதியிலே வரி இறுக்காத வாகனங்கள் 2013இல் 0.6 வீதமாக இருந்தன, 2015இல் 1.4 வீதமாகவும், 2017இல் 1.8 வீதமாகவும் உயர்ந்தன. நான்கே ஆண்டில் மும்மடங்கு! அந்நாட்டார் யாவரும் திடீரெனக் கள்வராகிவிட்டனரோ? அல்லர். கண்ணெதிரே நின்று தவணையை நினைவூட்டிய சீட்டு மறைந்தது. வண்டி வாங்கியோர் பழைய வழக்கப்படி வரியும் வண்டியோடு வந்ததென நம்பினர். முறை மாறிய வேகத்தில் அறிவு மாறவில்லை என்பதே என் கருத்து. செல்வமும் கல்வியும் மிக்க அந்நாட்டிற்கே இந்நிலையெனின், நம் நிலையை எண்ணிப் பாருங்கள். அங்கேயும் தபாற் கந்தோர்க் கருமபீடத்தில் வரி இறுக்கும் வழி மூடப்படவில்லை என்பதும் கருதத் தக்கது.

ஆதலின் அரசினரிடம் நான்கு வேண்டுகோள்களை வைத்தல் தகும். முதலாவது, இணையவழி வளர்க; பிரதேச செயலகக் கருமபீடமும் நிலைபெறுக. ஒன்று மற்றொன்றுக்குத் துணையேயன்றிப் பகையன்று. இரண்டாவது, தவணை முடிவதற்கு ஒரு மாதம் முன்னரே உரிமையாளனுக்குக் கைத்தொலைபேசி வழியாக நினைவூட்டல் செல்லுதல் வேண்டும். மூன்றாவது, அந்நினைவூட்டலும் படிவங்களும் பற்றுச்சீட்டும் அவனுக்கு விளங்கும் மொழியில் இருத்தல் வேண்டும். தமிழும் ஓர் அரசகரும மொழியென 1987இலேயே விதிக்கப்பட்டது. தமிழில் எழுதித் தமிழிலேயே மறுமொழி பெறும் உரிமையை 1988ஆம் ஆண்டின் 16ஆவது திருத்தம் வடகிழக்குக்கு வெளியே வாழ்வோர்க்கும் வழங்கியது. இவ்வுரிமை கருமபீடத்திற்கு ஒன்று, கணினிக்கு வேறொன்று என இருத்தல் ஆகாது. நான்காவது, மாவட்டத்திலே வாகன வரியாகத் திரண்ட தொகை எவ்வளவு, அஃது எவ்வெவற்றிற்குச் செலவாயிற்று என்பதை ஆண்டுதோறும் மக்கள் காண வெளியிடுதல் வேண்டும். 2018இல் மத்திய மாகாண சபையின் பதவிக்காலம் முடிந்த பின்னர், பல ஆண்டுகள் தேர்தலின்றியே மாகாணத்தின் கருமங்கள் நடந்தன. கேள்வி கேட்க உறுப்பினர் இல்லாத காலத்திலே கணக்கை வெளியிடும் கடமை மிகுமேயன்றிக் குறையாது.

காப்பித் தோட்டக் காலத்திலே மன்னாரிலிருந்து தம்புள்ளை, நாலந்தை வழியாக மாத்தளைக்குக் கால்நடையாக வந்த முன்னோரின் வழித்தோன்றல்கள் நம்மிற் பலர். வழியிலே மாண்டோர் எண்ணிறந்தோர். அவர் நடந்த வழியிலே இன்று பேரப்பிள்ளைகள் தம் சொந்த வண்டியை ஓட்டுகின்றனர். அவ்வண்டிக்கு வரி இறுப்பது தாழ்வன்று. இந்நாட்டின் பங்காளர் நாம் என்பதற்கு அது சான்று. இறுக்கும் முறை அறியாமற் தண்டம் கட்டுவதே தாழ்வாகும்.

அரசினரை நோக்கி விரல் நீட்டிவிட்டு நாம் வாளா இருத்தலும் முறையன்று. நம் கல்லூரியிற் கற்றுக் கணினியையும் வங்கியையும் தொழிலாகக் கொண்டோர் பலராவர். மாதத்தில் ஒரு சனிக்கிழமை முற்பகலிலே, பழைய மாணவர் சங்கத்தார் கல்லூரி மண்டபத்தில் இரண்டு மேசைகள் இட்டு அமர்ந்தாற் போதாதோ? சாரதி அனுமதிப்பத்திரம் வேறு, வருமான அனுமதிப்பத்திரம் வேறு. புகைச் சான்றிற்கும் காப்புறுதிக்கும் வெவ்வேறு தவணை உண்டு. வண்டி வாங்குமுன் பத்திரம் நிலுவையிலுள்ளதா எனக் காணல் வேண்டும். வங்கியிலிருந்து வரும் இரகசிய எண்ணைக் கடைக்காரனிடமும் சொல்லலாகாது. இவற்றை ஓட்டுநர்க்குக் கூற அரை மணி நேரம் போதும். மேல் வகுப்பு மாணவர் அருகிருந்து படிவம் நிரப்பக் கற்பிப்பாராயின், அவர்க்கும் அது குடிமையியற் பாடமாகும்.

தான் கற்றதைத் தன் ஊரார்க்குப் பயன்படுத்துவோனே கல்லூரியின் பெயரை நிலைநிறுத்துகின்றான். விழாக் காலத்திலே கட்டிடங்களைப் பற்றியும் கிண்ணங்களைப் பற்றியும் பெருமை பேசுகின்றோம், பேசுதல் தகும். அவற்றோடு, இம்மாவட்டத்து ஏழை ஓட்டுநன் ஒருவனும் அறியாமையால் வரித் தண்டம் கட்டவில்லை என்னும் பெருமையையும் அடுத்த விழாவிற்குள் நாம் தேடிக்கொள்வோமாக.