அணுக்களைக் கணினியில் ஆராயும் தொழில்: புலம்பெயர் பெற்றோர் கவனத்திற்கு

மனுகாவ் பகுதியில் வாழும் தமிழ்க் குடும்பங்களிலும் சரி, புலம்பெயர்ந்த தமிழர் வாழும் ஏனைய நகரங்களிலும் சரி, பிள்ளையின் உயர்கல்வி பற்றிய பேச்சு எழும்போது மருத்துவம், பொறியியல், கணக்கியல் என்பனவே முதலில் வருகின்றன. இயற்பியலையோ வேதியியலையோ நாடும் பிள்ளையிடம், "படித்து முடித்து என்ன வேலை செய்வாய்?" என்று கேட்கப்படுகிறது. யாவற்றையும் இழந்து வந்து மீண்டும் தொடங்கியவர்கள் அவ்வாறு கேட்பது நியாயமே. ஆயினும் அதற்கு விடை இல்லை என்று முடிவு செய்வது தவறு.

அவ்விடைகளுள் ஒன்று கணிமைப் பொருளறிவியல். ஒரு பொருளை ஆய்வுகூடத்தில் ஆக்குவதற்கு முன்னரே, அதன் அணுக்களும் இலத்திரன்களும் எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதைக் கணினியில் கணித்தறியும் துறை இது. மின்கலம், சூரியக்கலம், கலப்புலோகம், வினையூக்கி ஆகியவற்றின் ஆய்வில் இன்று இதற்கு முக்கிய இடமுண்டு.

இத்துறைக்கு அடித்தளமிட்டவர்களுள் ஒருவர் அகதிச் சிறுவராய் வாழ்வைத் தொடங்கியவர் என்பது குறிப்பிடத்தக்கது. 1923இல் வியன்னாவில் பிறந்த வால்ட்டர் கோன், யூதச் சிறுவர்களை மீட்ட திட்டத்தின் மூலம் 1939இல் இங்கிலாந்து சேர்ந்தார். அவருடைய பெற்றோர் நாசிகளால் கொல்லப்பட்டனர். எதிரிநாட்டவர் எனத் தடுத்து வைக்கப்பட்டுக் கனடாவுக்கு அனுப்பப்பட்ட அவர், ரொறன்ரோவில் கல்வியைத் தொடர்ந்தார். 1964, 1965ஆம் ஆண்டுகளில் அவர் பிறருடன் இணைந்து வெளியிட்ட இலத்திரன் அடர்த்திக் கோட்பாட்டுக்காக 1998இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார். அதே 1964இல், ஹைதராபாத்தில் பிறந்த அனீசுர் ரகுமான், அமெரிக்காவின் ஆர்கோன் ஆய்வுகூடத்தில் 864 ஆர்கன் அணுக்களின் அசைவைக் கணினியில் கணித்துக் காட்டினார்.

தொலைவில் மட்டுமன்றி, ஒக்லாந்திலேயே இதற்குச் சான்று உண்டு. ஒக்லாந்துப் பல்கலைக்கழகப் பேராசிரியர் நிக்கோலா காஸ்டன், மசே பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் ஆய்வு செய்து, தாயகம் திரும்பியவர். சில அணுக்களே கொண்ட காலியத் துணுக்குகள், பெரிய காலியக் கட்டியைவிட உயர்ந்த வெப்பநிலையில் உருகும் புதிரை ஆராய்ந்தவர். உருகிய காலியத்தில் துத்தநாகம் பனிச்செதில் வடிவில் படிகமாவதைக் காட்டிய 2022ஆம் ஆண்டு ஆய்வில், அவர் சார்ந்த ஒக்லாந்துக் குழுவினரின் கணிப்புகளும் இடம்பெற்றன. அறிவியலில் பெண்கள் எதிர்கொள்ளும் தடைகள் பற்றி 2015இல் நூலொன்றையும் அவர் எழுதினார். பெண்பிள்ளைகளைப் பெற்றோர் இதனைக் கருத்திற்கொள்ள வேண்டும்.

சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்ற ராமமூர்த்தி ராம்பிரசாத், மோட்டரோலா நிறுவனத்தில் பணியாற்றிய பின் பேராசிரியராகி, இயந்திரக் கற்றல் மூலம் புதிய பல்பகுதியங்களைத் தேடும் முயற்சியில் முன்னணியில் நிற்கிறார்.

எனினும் இப்பாதை எளிதானதன்று. முனைவர் பட்டத்திற்குப் பின்னரும் சில ஆண்டுகள் தற்காலிக ஒப்பந்தங்களிலேயே கழியக்கூடும். அரசின் ஆய்வு நிதியும் நிலையானதன்று. நியூசிலாந்தின் காலகன் புத்தாக்க நிறுவனத்தைக் கலைக்கும் முடிவு 2025 ஜனவரியில் அறிவிக்கப்பட்டமை இதற்கு அண்மைய உதாரணம். இவற்றை மறைத்துப் பிள்ளைகளை ஊக்குவிப்பது நேர்மையாகாது. ஆனால் இத்துறையில் பெறும் நிரலாக்கம், புள்ளியியல், பெருங்கணினிப் பயிற்சி ஆகியன வேறு தொழில்களுக்கும் உதவுவன. ஆய்வுப் பதவி கிட்டாவிடினும் கற்ற கல்வி வீண்போவதில்லை.

தொடங்குவதற்குப் பெருஞ்செலவும் தேவையில்லை. உயர்தரப் பாடசாலையில் நுண்கணிதம், இயற்பியல், வேதியியல் ஆகியவற்றைக் கைவிடாதிருத்தலும், பைதன் மொழியைக் கற்றலும் முதற்படி. குவாண்டம் எஸ்பிரெசோ என்னும் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. 2011இல் தொடங்கப்பட்ட மெட்டீரியல்ஸ் புரொஜெக்ட் தரவுத்தளம் எவருக்கும் திறந்திருக்கிறது.

ஆகவே பெற்றோர், "என்ன வேலை கிடைக்கும்?" என்ற கேள்வியுடன் நில்லாது, "எந்த வினாவுக்கு விடை தேட விரும்புகிறாய்?" என்றும் பிள்ளையிடம் கேட்க வேண்டும். இளையோரும் தமது விருப்பத்தை மட்டும் சொல்லாது, அதன் பாதையையும் இடர்களையும் ஆராய்ந்து பெற்றோர் முன் வைக்க வேண்டும். அச்சத்தால் மட்டும் ஒரு தலைமுறையின் கல்வி தீர்மானிக்கப்படலாகாது.